அக்கா லேப்டாப்பில் தூங்கிய பாஸ்

போன மாசம் எங்க வீட்டு லேப்டாப்பில் ஒரு புதையல் கிடைத்தது. வருஷக்கணக்கா அங்கேயேதான் இருந்திருக்கிறது, எங்க யாருக்கும் தெரியாமல்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில், அக்கா பிளஸ் டூ படிக்கும்போது வாங்கி வந்தது அது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பட்டனை அமுக்கினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும். ஒன்று விண்டோஸ் 7, இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்றால் முதலாளி இல்லை, பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் :-) டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது. அக்கா ஒருநாள் தெரியாமல் அதற்குள் போய்விட்டு, லேப்டாப் கெட்டுப்போச்சு என்று அழுதாள். நான் அப்போது மூணாம் கிளாஸ். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெயரைத் தொடவில்லை.

2017-ல் அக்கா பி.காம் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் கொடுக்க நாலு நாள் இருக்கும்போது வைரஸ் புகுந்து விண்டோஸ் எழும்பவே இல்லை. நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்தோம். ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்று அடித்துவிட்டார்கள். டெஸ்க்டாப்பில் இருந்த ப்ராஜெக்டும் அதோடு போச்சு. மூணு ராத்திரி தூங்காமல் ஞாபகத்தில் இருந்ததை எல்லாம் திரும்ப டைப் அடித்தாள் பாவம்.

போன மாசம் லினக்ஸ் மின்ட் போடலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், பெயரே இல்லாத ஒரு பார்ட்டிஷன். விண்டோஸை மறுபடி போட்டபோது பூட் ரெக்கார்டு அழிந்து, அந்த இரண்டு பெயர் வரும் மெனு மட்டும்தான் காணாமல் போயிருக்கிறது. பாஸ் அப்படியே உள்ளே கிடக்கிறது! லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் விண்டோஸ் டிரைவை லினக்ஸ் படிக்கும். அதாவது 2017-ல் கடைக்குப் போகும் முன் அந்த இரண்டாவது பெயரில் என்டர் தட்டியிருந்தால், அக்கா ப்ராஜெக்டை ஐந்து நிமிஷத்தில் பென் டிரைவுக்கு இழுத்திருக்கலாம். இதை யோசித்து ரெண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை.

கடைக்காரரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு சிஸ்டம் போட்டுக் கொடுத்தது அருமையான யோசனை. ஆனால் இரண்டாவது எதற்கு என்று எங்க பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் ஒரு பீரியட்கூட எடுத்துச் சொல்லவில்லை. களியக்காவிளை தாண்டிப் பாருங்கள். கேரளத்து அரசுப் பள்ளிகளில் ஐ.டி. பாடமும் பிராக்டிகல் பரீட்சையும் லினக்ஸில்தான். மார்க் அதில் வருகிறது என்றால் வாத்தியாரும் படிப்பார், பிள்ளையும் படிக்கும். 1956 வரை நாமும் அந்தப் பக்கம்தான் என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. இத்தனைக்கும் 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், நம்ம எல்காட்டே தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய நிறுவனம்தான்.

விண்டோஸைத் தூக்கி எறி என்று சொல்லும் கட்சி நான் இல்லை. காமர்ஸ் படிக்கிறவன் டேலி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, டேலிக்கு விண்டோஸ் வேண்டும். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு முடிந்தது. அதில் நெட்டை நிறுத்திவிட்டு டேலி மட்டும் பழகுகிறேன். பிரவுசர், மெயில், நோட்ஸ் எல்லாம் மின்டில். ஐந்தாறு டேப் திறந்தால் திணறும்தான், 2 ஜிபியில் வேறென்ன எதிர்பார்க்க? விண்டோஸ் 10 வைத்திருக்கும் நம்ம கிளாஸ் ஆட்களுக்கும் இதே கதைதான். 2025 அக்டோபர் 14-ல் அதற்கும் வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய மெஷின் பலவற்றில் 11 ஏறாது. உடனே புதுசு வாங்கு என்பார்கள். காசு யார் கொடுப்பார்?

பாஸ் இருந்த இடத்தில்தான் மின்டைப் போட்டேன், விண்டோஸில் கை வைக்கவே இல்லை. அழிக்கும் முன் பென் டிரைவ் மின்ட் வழியாக பாஸின் ஹோம் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு ஃபைல்கூட இல்லை.

போட்ட பிறகு விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் பயப்படாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கும், விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று நினைத்துக்கொள்ளும். ஒரே கட்டளையில் சரியாகிவிடும்.

கிளாஸில் யாருக்காவது வேண்டுமென்றால் சனிக்கிழமை 8 ஜிபி பென் டிரைவோடு வீட்டுக்கு வாருங்கள். ஃபைல் எல்லாவற்றையும் முதலில் வேறெங்காவது காப்பி எடுத்துவிட்டு வாங்க மக்கா, அக்கா கதை மறுபடி வேண்டாம்.