அடி எங்கே போச்சு?

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜேடர்பாளையம் படுகை அணைப் பக்கம் மீன் வறுவல் கடைகளில் நிற்க இடம் இருக்காது. அதனால் நானும் மாமாவும் கூட்டமில்லாத ஒரு வேலைநாள் மாலையில்தான் போவோம். மாமா வெல்லம் காய்ச்சும் ஆலையில் அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளுகிறவர். பங்குனி, சித்திரையில் கோயில் நோம்பிக்குத் தப்பு அடிப்பார். முன்பு சாவுக்கும் அடித்தார். பத்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் "இனிச் சாவுக்குக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கு அவர் கொடுத்த விலை தனிக்கதை.

போன முறை அவருக்கு என் கைப்பேசியில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பிங்க் ஃபிளாய்டின் 'மனி'. 1973இல் வந்த 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' இசைத்தட்டில் இருக்கும் பாட்டு. நான் போட்டது அசல் இல்லை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என நாலு பேர் உட்கார்ந்து வாசித்தது. பாடகர் இல்லை, எலெக்ட்ரிக் கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை.

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு நிமிடம் கழித்துச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா அடி எங்க போச்சு?"

அசலைப் போட்டேன். தொடையில் விரல் தட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் சிரித்தார். "ஏழு உழுகுதுடா." ஆமாம், அந்தப் பாட்டின் பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. நடுவில் கிதார் தனியாக வரும் இடத்தில் நாலுக்கு மாறும். ராக் ரசிகர்கள் பக்கம் பக்கமாக வியந்து எழுதிய சங்கதி இது. மாமாவுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இதே நாலு பேர் வாசிப்பை நான் முதலில் கேட்டது கல்லூரி விடுதியில். அங்கே வந்த எதிர்வினைகள் வேறு. "இப்பத்தான்டா மியூசிக் மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். "கிளாஸ்" என்றான் இன்னொருவன். "இதை எங்க வீட்டு ஹால்லயே போடலாம்" என்றான் மூன்றாமவன். அசல் பாட்டைப் போட்டால் 'சத்தத்தைக் குறை' என்று கதவைத் தட்டியவர்கள்தான் மூவரும். மெட்டு அதேதான், ஏழும் அதேதான். டிரம்ஸை எடுத்துவிட்டு வில்லைக் கையில் கொடுத்ததும் பாட்டு 'மேலே' போய்விட்டது.

மேலே என்றால் எங்கே? அந்த மாடிப்படியைக் கட்டியது யார்? இதைக் கேட்க எனக்குச் சில வருடம் ஆனது.

அதே கல்லூரியின் ஆண்டு விழாவில் நாங்கள் ஆறு பேர் பறை வாசிக்கப் பெயர் கொடுத்தோம். வயலினில் ராக் பாட்டு வாசித்த குழுவுக்கு உள்ளரங்க மேடை. எங்களுக்கு வாசல். சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கி அரங்கத்துக்குள் போகும் வரை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். "உள்ள எக்கோ அடிக்கும்பா" என்று பொறுப்பாசிரியர் அன்பாகத்தான் சொன்னார். எங்கள் அப்பாக்களுக்கும் ஊர் இதையேதான் சொன்னது: சாமி உள்ளே, மேளம் வெளியே. ஊரில் காரணம் சொன்னதில்லை. கல்லூரியில் ஒலியியல் காரணம் சொன்னார்கள், அதுவே முன்னேற்றம்!

இந்தக் காது நம் ஊரில் மட்டும் இல்லை. 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழு ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தது. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் சிலருக்கு அந்தக் கூட்டணியே பிடிக்கவில்லை. முற்போக்கு ராக் குழுக்களும் செவ்வியல் இசையிடம் ஓயாமல் கடன் வாங்கின, இருபது நிமிடப் பாட்டுகள் போட்டன. ரசனை அதில் உண்மை. 'எங்களையும் உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற ஏக்கமும் உண்மை. ஆனால் அங்கே அது வர்க்கத்தின் ஏணி. ஒருவன் காசு சேர்த்தோ படித்தோ ஏறிவிடலாம். இங்கே வாத்தியம் ஏறும், வாசிக்கிறவன் கீழேயே நிற்பான்.

வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிடில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாமல் கச்சேரி இல்லை. கடல் தாண்டி வந்த வாத்தியத்துக்கு யாரும் தீட்டுப் பார்க்கவில்லை. அதன் பழைய தந்திகள் பெரும்பாலும் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்தவை. வில்லில் கட்டியிருப்பது குதிரை வால்மயிர். மிருதங்கத்தில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இருக்கின்றன. அதைச் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' எழுதினார். 2020இல் அந்த நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. குடலும் தோலும் மயிரும் மேடையில் இருக்கலாம். அவற்றைப் பதப்படுத்திய கையைப் பற்றிப் பேசினால்தான் அரங்கம் கிடைக்காது. மாமாவின் தப்பில் இருப்பதும் தோல்தானே, தோழர்களே?

இளையராஜாவைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. (அவருடைய அரசியலோடு எனக்குச் சண்டை உண்டு. அதை இங்கே இழுக்கவில்லை.) 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பைப் பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கினார். அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலினைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். ஆனால் அந்தத் தொகுப்பை மெச்சுகிறவர்கள் பேசும் விதத்தைக் கவனியுங்கள்: "சினிமாப் பாட்டை விடுங்க, இதுதான் நிஜ ராஜா." 'அன்னக்கிளி'யில் தொடங்கிய அத்தனை பாட்டும், அதில் கேட்ட ஊர்க் குரலும் ஊர்த் தாளமும் அப்போது நிஜமில்லையா?

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. வாசித்தது அதே ராயல் ஃபில்ஹார்மோனிக். எனக்கும் பெருமைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அன்று என் கைப்பேசியில் வந்து குவிந்த செய்திகளில் பாதி 'இனி யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது' என்ற ரகம். 1976லிருந்து 49 வருடம் அவர் போட்டதெல்லாம் இந்த ஒரு சான்றிதழுக்கான பயிற்சியா? அதற்கு மூன்று மாதம் முன்புதான், 'திவ்ய பாசுரம்' நிகழ்ச்சிக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போனவர் அர்த்த மண்டபத்துக்கு வெளியே நின்ற காட்சி நாடெங்கும் ஓடியது. அங்கே அர்ச்சகர்களைத் தவிர யாரும் நுழைவதில்லை என்று விளக்கம் வந்தது. நடந்ததாகச் சொன்னது வதந்தி என்று அவரே மறுத்தார். அவர் மறுப்பை ஏற்கிறேன். 'அர்ச்சகர்களைத் தவிர' என்ற அந்த வரியை மட்டும் எப்படி ஏற்பது?

கம்பி வாத்தியத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. 'மனி'யைச் செல்லோவில் கேட்ட பிறகுதான் அந்த ஏழைத் தூக்கிச் சுமக்கும் அடிநாதம் எவ்வளவு அழகு என்று எனக்கே புரிந்தது. டிரம்ஸ் இல்லாததால்தான் அது கேட்டது. வாத்தியம் மாறினால் பாட்டு புதிதாகும், அது இசையின் சுகம். ஆனால் 'புதிதாக இருக்கிறது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'உயர்ந்துவிட்டது' என்று நாக்கு தானாகப் புரள்கிறதே, அங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலில் மேடையேறியபோது கிதாரும் இருந்தது, பறையும் இருந்தது. கிதார் வந்து பறைக்கு மரியாதை வாங்கித் தரவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அதைக் கேட்டும் 'சத்தம்' என்று சொன்னவர்கள் உண்டு. டிரம்ஸ் சத்தம் என்றால் குறைத்து வைக்கச் சொல்வார்கள். பறை சத்தம் என்றால் தள்ளிப் போய் அடிக்கச் சொல்வார்கள்.

மாமாவிடம் இதையெல்லாம் அவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. அவருக்கு ஏழு பிடித்துப்போனது. மறுநாள் காலை ஆலைக் கொட்டகைக்குப் பின்னால் சக்கையைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். கைப்பேசியில் அசல் பாட்டை ஓடவிட்டு அதன் மேல் அடித்தார். முதலில் மூன்றும் நாலுமாகப் பிரித்தார், பிறகு நாலும் மூன்றுமாக, அப்புறம் நான் எண்ண முடியாத எப்படியெப்படியோ. பாகு கிண்டிக்கொண்டிருந்தவர்கள் துடுப்போடு வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் மூன்று நிமிடம் பதிவு செய்து விடுதி நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். 'கிளாஸ்' என்று சொன்னானே, அவனுக்குத்தான்.

சாயங்காலம் பதில் வந்தது: "செம மச்சி. இதையே வயலின்ல வாசிச்சா வேற லெவல்ல இருக்கும்."