இரண்டாவது தாலி

யாருக்கும் ரத்த அழுத்தம் ஏறாத கல்யாணம் ஒன்று உண்டென்றால் அது அறுபதாம் கல்யாணம்தான். ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டாம். மாப்பிள்ளையின் சம்பளத்தைத் துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். அவருக்கு எவ்வளவு பென்ஷன் வரும் என்பது மணப்பெண்ணுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு போவதும் இல்லை. முழங்கால் வலி இடம் தராது.

தில்லியில் கிட்வாய் நகர் போன்ற மத்திய அரசுக் குடியிருப்புகளில் இதற்குக் கூடுதலாக ஒரு ருசி. 1998-ல் மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 60 ஆனது. அன்று முதல் ஆபீஸில் பிரிவுபசார மாலை விழும் சமயத்திலேயே வீட்டில் கல்யாண மாலையும் விழுகிறது. (பள்ளியில் சேர்க்கும்போது அப்பா வயதை மாற்றிச் சொல்லியிருந்தால் கணக்கு வேறு.) பக்கத்திலேயே ஐஎன்ஏ மார்க்கெட் இருப்பதால் வாழை இலைக்கும் பஞ்சமில்லை. கல்யாணம் முடிந்த கையோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் கவலை தொடங்கும். புதுமணத் தம்பதி வீடு தேடுவது வழக்கம்தானே!

அறுபது என்ற கணக்கு வானத்திலிருந்து வந்தது. குரு சுமார் 12 வருடங்களில் ஒரு சுற்று முடிக்கிறது. சனிக்குச் சுமார் 30. இரண்டும் ஏறக்குறைய பழைய இடங்களுக்குத் திரும்ப 60 வருடங்கள். பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகளும் 60. பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வரும்போது சஷ்டியப்தபூர்த்தி. அதற்குப் புகழ்பெற்ற ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கத்துத் திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பது ஐதீகம். அங்கே அறுபதுக்கும் எண்பதுக்கும் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

ஆக, இது ஆதியில் எமனிடமிருந்து தப்பியதற்கான விழா. அதில் நியாயமும் இருந்தது. 1951 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருடம்தான். இன்று அது 70-ஐ ஒட்டி நிற்கிறது. அறுபதைத் தொடுவது இப்போது பெரிய சாதனையில்லை. ஒரே கூரையின் கீழ் முப்பது, முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்ததுதான் சாதனை. மாற்றல் உத்தரவுகள், பிள்ளைகளின் பள்ளி அட்மிஷன், தில்லிக் குளிர், ஊரிலிருந்து வரும் தந்திகள் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே தாண்டியிருக்கிறார்கள். மகனும் மருமகளும் பந்தி விசாரிக்க, பேரன் வேடிக்கை பார்க்க நடக்கும் இந்தக் கல்யாணத்தில் நாம் உண்மையில் கொண்டாடுவது அதைத்தான்.

இதே தம்பதியின் முதல் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்த கல்யாணங்களிலும் பவுன் கணக்கும் ஸ்கூட்டரும் பேசப்பட்டன. பெண்ணைப் பெற்றவர் கைகட்டி நின்றார். இரண்டாவது கல்யாணம் நிம்மதியாக நடப்பதற்குக் காரணம் வயது தரும் பக்குவம் மட்டுமல்ல. பேரம் பேச அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்த நிம்மதியான கல்யாணத்திலும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. எண்ணப்படுவது அவருடைய வயது, அவளுடையது அல்ல. அவர் 59-ல் கண்ணை மூடிவிட்டால், அதே முப்பத்தைந்து வருடம் அடுப்படியிலும் ஆஸ்பத்திரியிலும் உடன் நின்றவளுக்கு எந்த மேளமும் இல்லை. அடுத்த வீட்டு அறுபதாம் கல்யாணத்தில் அவள் தானாகவே பின்வரிசைக்குப் போய்விடுகிறாள். வாழ்ந்த வாழ்க்கை இருவருக்கும் பொது. விழா மட்டும் ஒருவர் ஆயுளைப் பிடித்துத் தொங்குகிறது.

சாஸ்திரத்தைத் திருத்தச் சொல்லவில்லை. ஊர் கூட்டவும் வேண்டாம். வீட்டில் அம்மாவுக்கு அறுபது முடிகிற தேதியைப் பிள்ளைகள் காலண்டரில் வட்டமிட்டு வைக்கலாம். அப்பா பக்கத்தில் இருந்தால் இரண்டு மாலை வாங்கலாம். இல்லாவிட்டாலும் ஒரு மாலையும் ஒரு பாயசமும் உண்டு. அன்றைக்காவது அடுப்படிக்கு வேறு யாராவது போகட்டும்.