விட்டிலும் குளவியும்

விளக்கில் விழுந்து மாயும் விட்டிலுக்காகக் கண்ணீர் வடிக்காத கதாசிரியர் நம்மில் உண்டா? நானே நாலு கதைகளில் வடித்திருக்கிறேன். குளவிக்கோ எப்போதும் ஏச்சுதான். நெல் வயலில் போய் நின்று பார்த்தால் இந்தத் தீர்ப்பு தலைகீழாகிவிடும்.

தண்டுத் துளைப்பான் என்று சொல்கிறார்களே, அதன் தாய் பார்க்க வெகு சாது. மஞ்சள் சிறகுள்ள அந்துப்பூச்சி. இரவில் விளக்கைத் தேடி வரும். நெல் இலையின் நுனியில் முட்டையிட்டு, தன் உடம்பு ரோமத்தாலேயே போர்த்திவிட்டுப் போகும். பொரிந்த புழு தண்டுக்குள் புகுந்துகொள்ளும். இளம் பயிரானால் நடுக்குருத்து காயும். கதிர் வரும் சமயமானால் மணியில்லாத வெண்கதிர் நிற்கும். தூரத்துப் பார்வைக்கு அதுவும் அழகுதான். பதரின் அழகைப் பார்த்து யார் பசியாறுவது?

டிரைக்கோகிரம்மா என்ற குளவியோ ஒரு மில்லிமீட்டர்கூட இராது. நம்மைக் கொட்டவும் கொட்டாது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும்; புழு பிறக்க வேண்டிய இடத்தில் குளவி பிறக்கும். கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகிறதில்லை, ஐயா! குளவிக் குஞ்சு உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. கொடுமைதான், ஆனால் நம் சோற்றுப் பானையைக் காக்கிற கொடுமை.

என் சண்டை பூச்சியோடு அல்ல. பூச்சி என்றாலே மருந்துதான் என்கிற மனிதரோடு. என் உறவினர் ஒருவர் வெண்கதிரைக் கண்டதும் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டார். கெடுதல் நடந்து முடிந்துவிட்டது. புழுவோ தண்டுக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே திரிகிற குளவிகளுக்குத்தான் ஆபத்து. திருடன் வீட்டுக்குள்ளே, அடி வாசல் காவல்காரனுக்கு!

"குளவியை நம்பி வெள்ளாமை செய்வதா?" என்று கேட்டார் அவர். ஏன் கூடாது? நம் வீட்டு அரிசியில் நூலாம்படை கட்டுகிறதே ஓர் அந்துப்பூச்சி, அதன் முட்டைகளிலேயே இந்தக் குளவியை வளர்த்து, அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். ஒரு தடவைக்கு ஹெக்டேருக்குச் சுமார் 1,00,000 முட்டைகள். அந்து முட்டையிடும் சமயம் பார்த்து, வாரம் ஒரு முறை வயலில் கட்ட வேண்டும். அந்த நாட்களில் மருந்தைத் தொடக் கூடாது. தெளிக்கவே கூடாது என்பதல்ல என் கட்சி. வயலில் இறங்கி, சேதத்தை எண்ணிப் பார்த்து, மிஞ்சினால் தெளிக்கட்டும். பார்க்காமல் தெளிப்பது விவசாயமல்ல, கோபம்.

நானும் பார்க்காமல் எழுதியவன்தான். அடுத்த கதையில் விட்டில் விளக்கில் விழுந்தால், நான் அழுவதாக இல்லை.