கால்பந்தும் கல்லூரி வாசலும்

அமெரிக்காவில் பிள்ளையைக் கால்பந்து கிளப்பில் சேர்த்த பெற்றோர் பலருடைய மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கிளப்புக்குக் கட்டும் பணம், சனி ஞாயிறு தோறும் ஊர்விட்டு ஊர் போய் ஆடுவதற்கான செலவு, ஹோட்டல் வாடகை எல்லாம் ஒருநாள் கல்லூரி ஸ்காலர்ஷிப்பாகத் திரும்பிவிடும் என்ற கணக்கு. அது பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. கல்லூரிக் கால்பந்தால் பணம் கிடைப்பது அரிது. நல்ல கல்லூரியில் இடம் கிடைக்க அது உதவும். இதை முதலிலேயே புரிந்துகொண்ட பெற்றோரால்தான் பிள்ளைக்கு உருப்படியாக உதவ முடியும்.

எண்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில், ஆடவர் அணி ஒன்றுக்கு நெடுங்காலம் இருந்த உச்சவரம்பு 9.9 முழு ஸ்காலர்ஷிப். மகளிர் அணிக்கு 14. பயிற்சியாளர் அதைக் கூறுபோட்டு அணி முழுவதற்கும் பங்கிடுவார். ஒருவருக்குப் பாதி, இன்னொருவருக்குக் கால், சிலருக்கு ஒன்றுமே இருக்காது. 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்குப் பழைய வரம்பு நீங்கி, அணிக்கு 28 பேர் என்ற புது வரம்பு வந்தது. இப்போது 28 பேருக்கும் முழுத் தொகை கொடுக்க விதி குறுக்கே நிற்காது. கல்லூரியின் கஜானாதான் குறுக்கே நிற்கும். உதவித்தொகை இல்லாமலேயே அணியில் இருந்தவர்களின் இடத்தையும் புது வரம்பு சுருக்கிவிட்டது. போதாக்குறைக்கு, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவுசெய்ய 2018இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, இரண்டு வருடம் கல்லூரியில் ஆடித் தேர்ந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் வீரர்களும் உண்டு. பள்ளியை முடிக்கும் பதினேழு வயதுப் பையன் இவர்கள் எல்லோரோடும் மோத வேண்டும்.

மூன்றாம் பிரிவில் 400க்கும் அதிகமான கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. முதல் பிரிவில் ஆடும் ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் அப்படித்தான். ஆனால் இங்கெல்லாம் பயிற்சியாளர் 'இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும்' என்று சேர்க்கை அலுவலகத்தில் சொல்வதற்கு எடை உண்டு. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் பலவற்றில், பதினோராம் வகுப்பு முடிந்த கோடையிலேயே மதிப்பெண் பட்டியலை அந்த அலுவலகத்தில் காட்டி, தேறுமா என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்லிவிடுவார்கள். பயிற்சியாளரின் அந்த ஒரு சொல்லின் சந்தை விலை 2019 மார்ச்சில் வெடித்த சேர்க்கை ஊழலில் அம்பலமானது. கால்பந்து வீராங்கனையே அல்லாத மாணவியை அணிக்குத் தேர்ந்தவராகக் காட்டப் பணம் வாங்கியதாக யேல் பல்கலைக்கழக மகளிர் அணியின் பயிற்சியாளரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். விளையாட்டுக்குப் பணம் தராத இக்கல்லூரிகளில் பண உதவி குடும்ப வருமானத்தைப் பொறுத்தும், பல இடங்களில் மதிப்பெண்ணைப் பொறுத்தும் வருகிறது. ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் கேட்கும் கல்லூரிகள் உள்ள நாட்டில், கணக்குப் பாடத்தில் வாங்கும் நல்ல மதிப்பெண் கோல்களைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

'பதினாறு வயதில் இந்த நெளிவுசுளிவெல்லாம் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பயிற்சியாளரிடம் நாம்தானே பேச வேண்டும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பயிற்சியாளர் எடைபோடுவது ஆட்டத்தை மட்டுமல்ல. வீட்டைவிட்டு வந்து தன்னைத் தானே பார்த்துக்கொள்வானா என்பதையும்தான். பயிற்சியாளருக்கு அப்பா எழுதிய மின்னஞ்சல் அதற்கு நேர்மாறான சாட்சி. பிள்ளை எழுதுவது சுருக்கமாக இருந்தால் போதும்: பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், மதிப்பெண் சராசரி, கிளப்பின் பெயர், சட்டை எண், அடுத்த போட்டியின் நாள், நேரம், மைதான எண், நாலைந்து நிமிட வீடியோ ஒன்று. வீடியோவில் சிறந்த காட்சி முதலில் வர வேண்டும். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் தான் யார் என்று வட்டமிட்டுக் காட்ட வேண்டும். பெற்றோருக்கு வேறு வேலை இருக்கிறது. முதல் பிரிவுப் பயிற்சியாளர் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை மாணவருக்குத் தனிப்பட்ட பதில் எழுதக் கூடாது. பயிற்சி முகாமுக்கு அழைப்பு அனுப்பத் தடையில்லை. ஆகவே அதற்கு முன் வரும் முகாம் அழைப்பைத் தேர்வின் அறிகுறி என்று நம்பிப் பணம் கட்டாமல் தடுப்பது பெற்றோரின் பொறுப்பு. செலவுக் கணக்கைப் பிள்ளையிடம் ஒளிக்காமல் சொல்வதும் அவர்கள் பொறுப்புதான்.

இப்படிப் பேசினால் பிள்ளையின் கனவு கருகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. உலகத் தரத்தில் ஆடும் பையன்கள் இப்போது பலரும் கல்லூரிப் பக்கமே வருவதில்லை; கிறிஸ்டியன் புலிசிக் பதினாறு வயதிலேயே ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப்புக்குப் போனார். பெண்களுக்குக் கல்லூரி இன்னும் முக்கியமான பாதை. ஆனாலும் 2024இல் தொழில்முறை மகளிர் லீக், கல்லூரி வீராங்கனைகளை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையையே கைவிட்டதால், அந்தப் பாதை மட்டுமே கதி என்ற நிலை மாறிவருகிறது. ஆக, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த நான்கு வருடமே கடைசிப் போட்டிக்காலம். அதைப் பெயர்பெற்ற அணியின் பெஞ்சில் கழிப்பதா, தன்னை ஆடவிடும் அணியில் ஆடித் தீர்ப்பதா என்று யோசிப்பது கனவுக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

முழங்கால் ஜவ்வு கிழிந்தாலும், சேர்த்துக்கொண்ட பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டாலும், இந்தக் கல்லூரியிலேயே படித்து முடிக்கப் பிள்ளைக்குச் சம்மதமா? இதற்குப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும் கல்லூரிகளை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டு, பிறகு மின்னஞ்சல் எழுத உட்காரட்டும்.