நொய்யல் உணர்த்தும் பாடம்

திருப்பூர் என்று சொன்னவுடன் பனியன் என்ற சொல் நாவில் வந்து நிற்கும். ஓர் ஊரின் பெயரும் ஒரு பொருளின் பெயரும் இப்படி ஒட்டிக்கொள்வது எளிதில் நடப்பதன்று. இரண்டு மூன்று தலைமுறைகளின் உழைப்பு அதன் பின்னே இருக்கிறது. என் தந்தையார் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் தாயார் பிறந்ததோ ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரைக் கிராமம் ஒன்றில். ஆகவே தொழிலின் பக்கமும் நிலத்தின் பக்கமும் நின்று சில கருத்துகளைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

புதுமையை வரவேற்ற ஊர்

நம் ஊர் இயந்திரத்தைக் கண்டு அஞ்சிய ஊர் அன்று. கையால் சுற்றும் பின்னல் இயந்திரங்களோடு தொடங்கிய தொழில் இது. மின்சாரம் வந்தபோது அதை ஏற்றுக்கொண்டது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் இங்கு வந்து துணி கேட்ட பிறகு, வெள்ளைப் பனியனோடு நின்றிருந்த ஊர் வண்ண ஆடைகளுக்கு மாறியது. ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்கள் வந்தன. கணிப்பொறி எம்பிராய்டரி வந்தது. இன்று துணியின் மீது நேரடியாக டிஜிட்டல் முறையில் அச்சிடுகிறார்கள். ஏற்றுமதி மட்டும் அண்மை ஆண்டுகளில் 30,000 கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது.

இத்தனையும் செய்தவர்கள் யார்? பெரும்பாலும் ஏர் பிடித்த விவசாயிகளும், பட்டறையில் கைமடித்துத் தொழில் கற்ற தொழிலாளிகளும்தான். பக்கத்துப் பட்டறையில் புது இயந்திரம் ஒன்று இறங்கினால், அது எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த மாதமே தானும் ஒன்று வாங்கிப் போடும் துணிவு அவர்களுக்கு இருந்தது. ஒருவர் நூல் பின்னுவார், ஒருவர் சாயமிடுவார், ஒருவர் கூலிக்குத் தைத்துக் கொடுப்பார். வாய்ச் சொல்லை நம்பியே பல லட்சம் ரூபாய் கைமாறும். இப்படிப்பட்ட ஊர், ஒரே ஒரு தொழில் நுட்பத்தை மட்டும் ஏன் இத்தனை காலம் தள்ளிப்போட்டது? இதுவே என் கேள்வி.

உப்பின் கதை

பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பு சேர்க்க வேண்டும். நீரில் பருத்தி இழையும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும். உப்புதான் அவற்றை நெருங்க வைக்கிறது. அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராமுக்கு மேலும் உப்பு போடுவதுண்டு. வேலை முடிந்ததும் சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்போ தண்ணீரிலேயே தங்கிவிடும். 1990-களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை நிறத்தை ஓரளவு நீக்கின. கரைந்த உப்பை நீக்கவில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த நீர், வேருக்கு நஞ்சாக இருந்தது.

ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்றைய ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவது அதன் நோக்கம். ஆனால் சில ஆண்டுகளிலேயே, "அணையைத் திறக்காதீர்கள்" என்று விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. தண்ணீர் வேண்டிப் போராடிய உழவரை நாம் அறிவோம். தண்ணீர் வேண்டாம் என்று போராடிய உழவரை உலகம் எங்கே கண்டது? என் தாத்தாவின் தோட்டத்துக் கிணற்றில் நீர் இருந்தது. ஆனால் மாடு அதில் வாய் வைக்காது.

ஆயக்கட்டு விவசாயிகள் 2003-இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். சாயக் கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிலையை 2006 டிசம்பரில் நீதிமன்றம் வலியுறுத்தியது. 2009-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்போதும் பணி முழுமை பெறாததால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணை பிறந்தது. அன்று நான் சிறுவன். தைப்பதற்குத் துணி இல்லாமல் தந்தையார் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நிலம் கெட்டபோது தாய்வீட்டில் வறுமை. பட்டறை மூடியபோது தந்தை வீட்டில் வறுமை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

ஏன் தாமதம்?

இன்று நிலைமை மாறியிருக்கிறது. எதிர்ச் சவ்வூடு முறையில் உப்பும் நீரும் பிரிக்கப்படுகின்றன. நீர் மீண்டும் பட்டறைக்கே செல்கிறது. எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி உப்பை மீட்டு, மறுபடியும் சாயத் தொட்டியில் இடுகிறார்கள். பழைய விஞ்ச் தொட்டிகளை விடக் குறைவான நீரில் சாயமிடும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் பரவியுள்ளன. இவை பெருமைக்குரியவை, ஐயமில்லை. ஆனால் தையல் இயந்திரத்தை வாங்க எந்த நீதிமன்றமும் ஆணையிட வேண்டியிருக்கவில்லையே!

பொருளியல் வகுப்பில் புறவிளைவுகள் என்று ஒரு பாடம் படிக்கிறோம். ஓவர்லாக் இயந்திரத்தின் லாபம் அதை வாங்கியவரின் பெட்டியில் விழுகிறது. சுத்திகரிப்பு இயந்திரத்தின் லாபமோ இருபது மைல் கீழே உள்ள, முகம் தெரியாத ஓர் உழவரின் கிணற்றில் விழுகிறது. செலவு ஒருவருக்கு, நன்மை இன்னொருவருக்கு. அதனால்தான் முன்னது ஒரே மாதத்தில் வந்தது. பின்னது இருபது ஆண்டுகள் கழித்து வந்தது.

"தொழிலதிபர்கள் ஊருக்கு எவ்வளவோ செய்கிறார்களே!" என்று சிலர் கூறலாம். உண்மைதான். பள்ளிக் கட்டடங்கள், கோயில் திருப்பணிகள், 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' மரம் நடும் பணி ஆகியவற்றை நான் வணங்குகிறேன். ஆயினும் கடனைத் திருப்பித் தந்த பிறகு கொடுப்பதே கொடை. அண்டை வீட்டுக் கிணற்றைக் கெடுத்துவிட்டு அந்த வீட்டுப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவது நல்லுறவு ஆகாது.

"செலவு கூடினால் வங்கதேசத்தோடு போட்டியிட முடியுமா?" என்பது இன்னொரு வாதம். சிறு பட்டறைக்காரர்களின் இடர்ப்பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உப்பு நீரைக் காய்ச்ச எரிபொருள் வேண்டும்; அந்தச் செலவை விலையில் ஏற்றுக்கொள்ளும் கடமை நம் ஆடையை உடுத்தும் அயல்நாட்டு வணிகருக்கும் உண்டு. ஆனால் 2011-இல் பட்டறைகள் மூடிக் கிடந்த மாதங்களில் ஊர் இழந்தது என்ன? முன்கூட்டியே செய்திருந்தால் அந்த இழப்பு வந்திருக்காது. மேலும், கழிவு நீர் எங்கே போகிறது என்று வெளிநாட்டு வணிகர்களே இன்று கேட்கத் தொடங்கிவிட்டனர். அந்த நோக்கில், சுத்தமான நொய்யல் நம் வணிகத்துக்கும் மூலதனமே.

நாம் செய்யக் கூடியவை

மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, சுத்திகரிப்பு நிலையம் ஒவ்வொன்றும் அன்றாட அளவுகளைத் தன் வாயிலில் தமிழில், யாவரும் படிக்கும்படி எழுதி வைக்கட்டும். இரண்டாவது, அந்நிலையங்களின் ஆலோசனைக் கூட்டங்களில் ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளுக்கும் ஓர் இடம் தரட்டும். மூன்றாவது நமக்கு உரியது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. இதை அளக்கும் கருவி சட்டைப் பையில் அடங்கும். நம் வேதியியல் துறைப் பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் நொய்யல் கரைக் கிணறுகளை அளந்து, அந்த அட்டவணையை இம்மலரிலேயே வெளியிடலாம்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை இத்தொழிலில்தான் சேரப் போகிறோம். சிலர் முதலாளிகளாகவும் ஆவோம். அன்று புதிய இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணும்போது, 'இது எனக்கு எவ்வளவு மிச்சம் தரும்?' என்ற கணக்கோடு, 'இது கீழே இருப்பவருக்கு எதை மிச்சம் வைக்கும்?' என்ற கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இரண்டாவது கணக்கை நீதிமன்றம் வந்து போட்டுக் காட்டும் வரை இன்னொரு முறை காத்திருக்க வேண்டாம்.