ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று நிமிடம்



"இது இன்னும் ஓடுதா சார்?"

நம் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறார்கள். வரவேற்பறைச் சுவரில் இருக்கும் பெண்டுலம் கடிகாரத்தைப் பார்த்துத்தான். ஓடுகிறது. ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் தாங்கும். மறந்துவிடாமல் இருக்கத் திங்கட்கிழமை தோறும் கொடுத்துவிடுகிறோம்.

ஜெர்மனியில் கருங்காடு என்கிற மலைப்பகுதியில் ஷ்ராம்பெர்க் என்றொரு ஊர். அங்கே 1861-ல் தொடங்கிய யுங்ஹான்ஸ் கம்பெனியின் தயாரிப்பு இது. எட்டு முனை நட்சத்திரத்துக்குள் 'ஜே' எழுத்து, அதுதான் அவர்கள் முத்திரை. கடைசல் பிடித்த இரண்டு மரத்தூண்கள், தலையில் சின்னக் கோபுரம் போல ஒரு முடி, நீளமான கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் பித்தளை வட்டு இடமும் வலமும் போய் வருகிறது.

டயலில் இரண்டு சாவித் துளைகள் உண்டு. வலப்பக்கம் முட்களை ஓட்டும் ஸ்பிரிங்குக்கு. இடப்பக்கம் மணி அடிக்கும் ஸ்பிரிங்குக்கு. சுருண்டிருக்கும் எஃகு, விட்டால் ஒரே மூச்சில் அவிழ்ந்து தீர்ந்துபோகும். அதைத் தடுத்து, துளித்துளியாகச் செலவழிக்க வைப்பதுதான் இந்த எந்திரத்தின் மொத்த சாமர்த்தியமும். பல்சக்கர வரிசையின் கடைசிச் சக்கரத்தின் மேல் நங்கூரம் போன்ற ஒரு கவ்வி உட்கார்ந்திருக்கிறது. பெண்டுலம் ஒரு முறை போய் வந்தால் ஒரு பல் விடுபடும். விடுபடுகிற பல் போகிற போக்கில் பெண்டுலத்தை மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். அந்தத் தட்டு இல்லாவிட்டால் ஆட்டம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நாம் கேட்கிற டிக் டிக், பல் கவ்வியில் மோதுகிற சத்தம்.

பெண்டுலத்தைக் கடிகாரத்தோடு சேர்த்த பெருமை ஹாலந்துக்காரரான கிறிஸ்தியான் ஹைகன்ஸுக்கு. ஆண்டு 1656. அதுவரை ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்கூடப் பிசகிக்கொண்டிருந்த கடிகாரங்கள், அதன் பிறகு பதினைந்து விநாடி அளவுக்குத் திருந்தின.

பழம்பொருள் கடைக்காரர்கள் நம் கடிகாரம் போன்றவற்றையெல்லாம் 'கைவேலை' என்று சொல்லி விற்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யுங்ஹான்ஸ் 1903-ல் உலகின் மிகப் பெரிய கடிகாரத் தொழிற்சாலை. ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்த இடம். இப்படி மொத்தமாகச் செய்து தள்ளுவதற்கு வழி காட்டியது அமெரிக்கா. கனெக்டிகட்டைச் சேர்ந்த எலை டெரி, 1806-ல் நாலாயிரம் மரக் கடிகார எந்திரங்களை மூன்றே ஆண்டுகளில் செய்து தருவதாக ஒப்பந்தம் போட்டார், செய்தும் கொடுத்தார். அதே ஊர்ப்பக்கத்து சான்சி ஜெரோம் 1842-ல் மலிவான பித்தளைக் கடிகாரங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். இவ்வளவு குறைந்த விலை இருக்கவே முடியாது, வரி ஏய்க்கப் பார்க்கிறார் என்று சுங்க அதிகாரிகள் சரக்கைப் பிடித்துவைத்து, சட்டப்படி அவர் குறிப்பிட்ட விலையையும் கொஞ்சம் மேலேயும் கொடுத்துத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மனிதருக்குக் கொண்டாட்டம். அலையாமல் மொத்தமும் விற்றுவிட்டதே! உடனே அடுத்த கப்பல் சரக்கை அனுப்பினார். அதற்கும் அதே மரியாதை. மூன்றாவதில்தான் அதிகாரிகளுக்கு விஷயம் புரிந்தது.

தொழிற்சாலைச் சரக்கு என்பதால் மதிப்புக் குறைந்துவிடுமா? இன்றைய குவார்ட்ஸ் கடிகாரமும் தொழிற்சாலைச் சரக்குதான், நேரம் காட்டுவதில் இதைவிடக் கெட்டி. ஆனால் அது பிசகினால் பேட்டரியை மாற்றலாம், அதற்கு மேல் நம்மால் ஆவது ஒன்றுமில்லை. பெண்டுலக் கடிகாரம் பிசகினால் ஏன் பிசகுகிறது என்று தெரியும். திருத்தவும் தெரியும்.

நம் கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். அரை விநாடிக்கு ஒரு டிக். அப்படியானால் பெண்டுலத்தின் நீளம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். வட்டுக்கு அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. வட்டை ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் நாளைக்குச் சுமார் மூன்று நிமிடம் மெதுவாகப் போகும், ஏற்றினால் அந்த அளவு வேகமாகப் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஷ்ராம்பெர்க்கில் சரியாக ஓடிய கடிகாரத்தை அப்படியே சென்னையில் மாட்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பின்தங்கிவிடும். கடிகாரத்தில் கோளாறு இல்லை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு சற்றே குறைகிறது, பெண்டுலம் அந்த அளவு சோம்பலாக ஆடுகிறது. 1672-ல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயென்னுக்குப் போன ழான் ரிஷேர் என்ற வானியலாளர் தன் கடிகாரம் நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். பூமி நடுவில் சற்றுப் புடைத்திருக்கிறது என்று வாதாட நியூட்டனுக்கு அது கைகொடுத்தது. நமக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. வட்டை அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் ஜெர்மன் கடிகாரம் சென்னைக்காரர் ஆகிவிடும்.

வெயிலும் இதைப் பாதிக்கும். எஃகுத் தண்டு சூட்டில் நீளும். பத்து டிகிரி ஏறினால் நாளைக்கு ஐந்து விநாடி போல நஷ்டம். நல்ல கடிகாரங்களில் மரத்தண்டு வைத்தது அழகுக்காக மட்டும் இல்லை, மரம் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது. சிலவற்றில் வெள்ளையும் மஞ்சளுமாக ஐந்தாறு கம்பிகள் வரிசையாக நிற்கும். இரண்டு உலோகங்களின் நீட்சியை ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ள ஜான் ஹாரிசன் கண்ட ஏற்பாடு அது. ஆனால் மலிவுக் கடிகாரங்களில் வரும் கம்பிகளில் பெரும்பாலானவை வெறும் ஜோடனை!

மாட்டும்போது கண்ணைவிடக் காதை நம்புங்கள். இரண்டு டிக்குக்கும் நடுவில் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். டிக்-டிக்... டிக்-டிக்... என்று நொண்டினால் பெட்டி சாய்ந்திருக்கிறது என்று பொருள். அடிப்பகுதியை நூலளவு நகர்த்தினால் போதும். நொண்டுகிற கடிகாரம் அன்றைக்கோ மறுநாளோ நின்றுவிடும்.

மணியடிப்பது தனிக் கதை. பல பழைய கடிகாரங்களில் விளிம்பில் வெட்டுகள் உள்ள ஒரு சக்கரம்தான் அடிகளை எண்ணும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 78 அடி, அரை மணிகளுக்கு 12, ஆக 90. அந்தச் சக்கரத்துக்கு முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. அடித்து முடிக்கும்வரை பொறுக்காமல் பெரிய முள்ளைச் சரசரவென்று தள்ளினால் முள் ஒன்று காட்டும், மணி ஒன்று சொல்லும். நம் அலுவலகத்தில் ஒரு வாரம் முழுக்கக் காலை பதினொரு மணிக்கு ஐந்து அடித்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பல்சக்கரத்தின் பற்களுக்கு எந்த எண்ணெயுமே வேண்டாம். அச்சு முனைகளுக்கு மட்டும், கடிகார எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி. அடுத்த முறை பழுது பார்க்கிறவர் டயலைக் கழற்றும்போது பக்கத்தில் இருந்து பித்தளைத் தகட்டைப் பாருங்கள். முன்பு பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறிய தேதியோ இனிஷியலோ இருக்கக்கூடும். கிடைத்தால் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், வெளியிடுகிறோம். நீங்களாகக் கழற்றிப் பார்க்க வேண்டாம். முறுக்கேறிய ஸ்பிரிங் விரலைப் பதம் பார்த்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்