மலை ஏறுமுன் கம்பியைக் கட்டுங்கள்!

மலைக்குக் காரில் போகிறவர்கள் புறப்படுமுன் எத்தனையோ பார்க்கிறார்கள். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எலுமிச்சம் பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்குகிறவர்களும் உண்டு.

எல்லாம் சரிதான். ஆனால் காரின் மேல் ஆடிக்கொண்டே வரும் ரேடியோ ஏரியல் கம்பியை யாரும் பார்ப்பதில்லை!

"இது ஒரு விஷயமா?" என்று கேட்கலாம். விஷயம்தான். கம்பி சிறியது. ஆனால் அதன் நுனி ஒரு குழந்தையின் கண்ணில் பட்டால், வாழ்நாள் முழுதும் அழுதாலும் தீராது. இந்த ஆபத்தைத் தடுக்கச் சிறிய சாதனம் ஒன்று போதும். ஒரு கொக்கி, ஒரு துண்டுக் கயிறு. அவ்வளவுதான்!

கம்பி எதற்கு?

காற்றில் வரும் ரேடியோ அலையைப் பிடித்து ரேடியோப் பெட்டிக்குக் கொடுப்பதுதான் ஏரியல் கம்பியின் வேலை.

கொடைக்கானல் மலையின் மீது ஆகாசவாணியின் எப்.எம். நிலையம் இருக்கிறது. 1999-ம் ஆண்டில் தொடங்கியது. அதன் சக்தி 10 கிலோவாட். அலை எண் 100.5 மெகாஹெர்ட்ஸ். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பி இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். மூன்று மீட்டரில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். அதாவது இரண்டரை அடி. பல கார்களின் பழைய ஏரியல் கம்பி ஏன் அந்த நீளத்தில் இருக்கிறது என்று இப்போது புரிகிறது அல்லவா?

எப்.எம். அலை நேர்கோட்டில் போகும். உயரத்திலிருந்து அனுப்பினால் வெகுதூரம் போகும். கொடைக்கானல் சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து கிளம்பும் அலை நூறு கிலோமீட்டரையும் தாண்டிப் போகிறது. மதுரையில் கேட்கிறது. திண்டுக்கல்லில் கேட்கிறது. திருச்சியிலும் கேட்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே மலையின் பாதையில் சில வளைவுகளில் ஒலி மங்கிவிடும்! மலையின் ஒரு புறம் அலையை மறைத்துக்கொள்வதுதான் காரணம். விளக்கின் கீழே இருட்டு என்பது ரேடியோவுக்கும் பொருந்தும்.

தென் மாவட்டத்து ஏரியல்

தென் மாவட்டத்து மக்களுக்கு ஏரியல் புதிய சரக்கு அல்ல. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் மதுரை, தேனிப் பக்கம் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் ஏரியல் நின்றது. நீளமான இரும்புக் குழாயில் அதை ஏற்றி, கொடைக்கானல் மலையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்புவார். இன்னொருவர் கீழே இருந்து, "இன்னும் கொஞ்சம்... நிறுத்து, நிறுத்து!" என்று கத்துவார். படம் தெரிந்துவிட்டால் தெருவே கூடிவிடும்.

அந்தக் குழாயை யாரும் சும்மா நிறுத்தி வைக்கவில்லை. மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார்கள். கட்டாத ஏரியல் ஆடிக் காற்றில் அடுத்த வீட்டு ஓட்டின் மேல் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டு ஏரியலைக் கட்டத் தெரிந்த மக்களுக்குக் கார் ஏரியலைக் கட்டத் தெரியாதா? தெரியும். தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கம்பி என்ன செய்யும்?

கார் ஓடும்போது காற்று கம்பியின் இரண்டு பக்கமும் பிளந்து போகிறது. கம்பியின் பின்னால் சிறு சுழல்கள் உண்டாகின்றன. ஒரு சுழல் இடது பக்கம், அடுத்த சுழல் வலது பக்கம் என்று மாறி மாறி வரும். அதனால்தான் கம்பி நடுங்குகிறது. சில வேளை விசில் அடிக்கிறது. சில கம்பிகளின் மேல் கொடி சுற்றியதுபோல் ஒரு முறுக்கு இருக்கும். அது அழகுக்காக அல்ல. அந்தச் சுழல்களைக் கலைப்பதற்காக வைத்தது.

நடுக்கம் நாளடைவில் அடிப்பாகத்தைத் தளர்த்திவிடும். அங்குள்ள ரப்பர் வெடிக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு துரு பிடிக்கும். ரேடியோ கரகரக்கும். டிரைவர் ரேடியோவைத் திட்டுவார்!

மலைப்பாதையில் இன்னும் பல தொல்லைகள் உண்டு. எதிரே பஸ் வந்தால் காரை மலையோரமாக ஒதுக்க வேண்டும். அங்கே செடியும் கொடியும் நீட்டிக்கொண்டிருக்கும். கிளையில் மாட்டிய கம்பி வில்போல் வளையும். கிளை விட்டதும் "சுளீர்" என்று திரும்பும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் நின்றால் என்ன ஆகும்?

வெள்ளி அருவியின் அருகே கார் நின்றால் குரங்குகள் வரும். வாழைப்பழம் கிடைக்காத குரங்கு சும்மா போகாது. ஆடுகிற கம்பியைக் கண்டால் அதற்கு ஊஞ்சல் ஆசை வந்துவிடும்!

பாதயாத்திரை நினைவிருக்கட்டும்

மலை அடிவாரத்தில் இருப்பது பழனி. தைப்பூசத்துக்கு எத்தனை எத்தனை குடும்பங்கள் நடந்தே வருகின்றன! காவடி தூக்கி வருகிறார்கள். கால் கொப்பளிக்க வருகிறார்கள். இரவிலும் சாலையோரமாக நடக்கிறார்கள். நடக்க முடியாத குழந்தையைத் தகப்பனார் தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

அந்தக் கூட்டத்தை ஒட்டியே வண்டிகளும் ஊர்ந்து போகின்றன.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். பழைய காரின் முன்பக்க மட்கார்டு சுமார் மூன்று அடி உயரம். அதன்மேல் இரண்டரை அடிக் கம்பி. மொத்தம் ஐந்தரை அடி. அது வளர்ந்த மனிதனின் முக உயரம்! கம்பி பின்னால் வளைந்தால் நுனி இன்னும் தாழும். அப்போது அது பத்து வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே வரும். இருட்டில் அந்த மெல்லிய கம்பி யார் கண்ணுக்கும் தெரியாது. கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

சாதனம் இதுதான்

வளையும் கம்பியைக் கட்டி வைக்கும் வழக்கம் புதிதல்ல. இராணுவ ஜீப்புகளில் ஆள் உயரத்தையும் மிஞ்சிய கம்பிகள் உண்டு. அவற்றை வளைத்து, கயிற்றாலும் கொக்கியாலும் பிடித்து வைப்பார்கள். நுனியில் ஒரு குமிழ் இருக்கும். கண்ணைக் காக்கவும், மேலே போகும் மின்சாரக் கம்பியிலிருந்து காக்கவும் இந்த ஏற்பாடு. அதே யுக்தியை வீட்டுக் காருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வேண்டியவை மூன்று. ஒரு பிளாஸ்டிக் கொக்கி. ஒரு முழ நைலான் கயிறு. பழைய சைக்கிள் டியூபில் விரல் அகலத்துக்கு வெட்டிய ஒரு வளையம்.

டியூப் வளையத்தைக் கம்பியின் நுனிக்குச் சற்றுக் கீழே மாட்டுங்கள். அதில் கயிற்றின் ஒரு முனையை முடியுங்கள். மறு முனையில் கொக்கியைக் கட்டுங்கள். கம்பியை மெதுவாகப் பின்னோக்கி வளைத்து, கொக்கியைக் காரின் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் விளிம்பில் மாட்டுங்கள். அம்பாசிடர் காரில் இந்த விளிம்பு நன்றாகவே உண்டு. விளிம்பு இல்லாத வண்டியானால், மேலே மூட்டை ஏற்றும் கேரியரில் மாட்டலாம். வளைந்த கம்பி வண்டிக்கு வெளியே பிதுங்கக் கூடாது. வேலை முடிந்தது!

சில எச்சரிக்கைகள்

இழுத்து நீட்டுகிற அடுக்குக் கம்பியை வளைக்காதீர்கள். ஒடிந்துவிடும். அதை உள்ளே தள்ளி மடக்கினாலே போதும். இந்தச் சாதனம் வளையும் கம்பிக்கு மட்டும்தான்.

இரும்புக் கொக்கி, இரும்புக் கம்பி வேண்டாம். ஏரியல் காரின் தகரத்தைத் தொட்டால் அலை அதன் வழியே போய்விடும், ரேடியோ ஊமையாகிவிடும். ரப்பரும் நைலானும் அலையைக் கடத்தா.

மிகவும் இறுக்கிக் கட்டாதீர்கள். வளைந்த கம்பி நாண் ஏற்றிய வில்லுக்குச் சமம். அவிழ்க்கும்போது ஒரு கையால் நுனியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மறு கையால் கொக்கியை எடுக்க வேண்டும். இந்த வேலையைக் குழந்தைகளிடம் விடக் கூடாது.

நுனியில் இருக்க வேண்டிய குமிழ் விழுந்துவிட்டதா? உடனே ஒரு ரப்பர் மூடியாவது போடுங்கள்.

கம்பி வளைந்திருக்கும்போது ஒலி கொஞ்சம் குறையலாம். பரவாயில்லை. கூட்டமும் மரமும் இல்லாத சமவெளிச் சாலை வந்ததும் அவிழ்த்து விடலாம்.

ரேடியோ எதற்கு என்கிறார்களா?

"கையில் போன் இருக்கிறது. காரில் ரேடியோ எதற்கு? கம்பியையே கழற்றி எறிந்தால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 2018-ம் ஆண்டில் இருக்கிறது.

அந்த ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. கடலோரத்தோடு அது நிற்கவில்லை. மேற்கே நகர்ந்து கொடைக்கானல் மலையையும் உலுக்கியது. மரங்கள் சாய்ந்தன. பாதைகள் அடைபட்டன. மின்சாரம் நின்றது.

மின்சாரம் நின்றால் போன் கோபுரத்தின் பாட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு போனும் ஊமைதான். ஆனால் காரில் சொந்த பாட்டரி இருக்கிறது. ஒலிபரப்பு நிலையம் இயங்கும் வரையில் கார் ரேடியோவும் பேசும். ஆயிரம் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் அலைக்கு நெரிசல் கிடையாது. எந்தப் பாதை அடைபட்டது, மழை எப்போது ஓயும் என்ற செய்தி, வழியில் சிக்கிய ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தைரியம் தரும்! அந்த நேரத்தில் கம்பி ஒடிந்து கிடந்தால்?

ஆகவே கம்பியை எறிவது வழியல்ல. அது ஒடியாமலும், யாரையும் குத்தாமலும் பார்த்துக்கொள்வதே வழி.

"புதிய கார்களில் கம்பியே இல்லையே, மீன் துடுப்புப் போல ஒன்றுதானே இருக்கிறது?" என்றும் சொல்வார்கள். உண்மை. சில கார்களில் கண்ணாடிக்குள்ளேயே ஏரியலைப் பதித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் மலைக்கு வருவது புதிய கார் மட்டும் அல்ல. அம்பாசிடர் உற்பத்தி 2014-ம் ஆண்டில் நின்றாலும், அதை அருமையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய ஜீப்புகள் இருக்கின்றன. வேன்கள் இருக்கின்றன. கட்ட வேண்டியவர்கள் கட்டட்டும்!

யார் செய்ய வேண்டும்?

முதலில் வண்டிக்காரர் செய்ய வேண்டும். அடுத்து, ஏரியல் விற்கும் கடைக்காரர் செய்யலாம். கம்பியோடு ஒரு கொக்கியையும் ரப்பர் குமிழையும் சேர்த்துக் கொடுத்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் வராது. நல்ல பெயர்தான் வரும்.

மூன்றாவதாக, அதிகாரிகளும் உதவலாம். 2024-ம் ஆண்டு மே 7-ந் தேதி முதல், சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் கொடைக்கானல் வர இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. பாஸ் பார்க்க வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சிறு பலகை வைத்தால் போதும். "கம்பியைக் கட்டினீர்களா?" என்று பெரிய எழுத்தில் எழுதட்டும். தைப்பூச நாட்களில் பழனிச் சாலைகளிலும் அதே பலகையை வைக்கட்டும். சட்டம் வேண்டாம், அபராதம் வேண்டாம். நினைவூட்டினால் நம் மக்கள் செய்வார்கள்.

ஒரு டீ குடிக்கும் நேரம். ஒரு டீ குடிக்கும் செலவு. அதற்குள் முடிகிற வேலை இது. தோளில் குழந்தையைச் சுமந்து, முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டு, சாலையோரம் நடந்து போகும் ஒரு தகப்பனுக்காக இதைச் செய்யக் கூடாதா?